கொம்பைவிட வயிற்றுவார் முக்கியம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க மாடு மேய்ப்பர்களின் பாணியான வெஸ்டர்ன் குதிரையேற்றம் பற்றி எழுதும்போது கௌபாய் தொப்பியோடு நிறுத்திவிடாதீர்கள். புதியவர் முதலில் அறியவேண்டியது, சேணத்தைக் குதிரையின் வயிற்றடியில் கட்டும் வயிற்றுவார். சேணம் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றை இறுக்கி உப்பிக்கொள்ளும். சில அடிகள் நடத்தி, வாரை மறுபடி இறுக்காமல் ஏறினால் சேணம் சரிந்துவிடும்.

கால் வைக்கும் வளையமான அங்கவடியில் முன்பாதம் மட்டுமே இருக்கட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும். முழுப்பாதமும் நுழைந்தால், விழும்போது கால் சிக்கி இழுபட நேரும். குதியுள்ள பூட்ஸ் இதற்காகத்தான்!

வலப்பக்கம் திரும்ப, ஒரு கையில் பிடித்த கடிவாளத்தின் இடப்பக்க வார் குதிரையின் கழுத்தில் இலேசாகப் படவேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் குதிரையின் மூக்கு இடப்பக்கம் திரும்பிவிடும். இதில் பழகாத குதிரைக்கு இரு கைகளும் தேவை. சேணத்தின் முன்புறம் துருத்தி நிற்கும் சேணக்கொம்பு, மாடு பிடிக்கும் கயிற்றைச் சுற்றுவதற்கானது. அதில் தொங்கினால் உடல் முன்சாய்ந்து சமநிலை கெடும்.

இவற்றையும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

– குதிரையேற்றப் பயிற்றுநர்