சரணடைந்தவர்களின் பட்டியலைக் கேட்டீர்களா, ஐயா?

முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களுக்கு,

2015 ஜனவரி 8 அன்று உங்கள் அன்னம் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட வன்னி வாக்காளர்களில் நானும் ஒருவன். அந்தத் தேர்தலில் நீங்கள் ஏறக்குறைய நாலரை இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றீர்கள். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் உங்களுக்கு விழுந்தது. எங்கள் வாக்கு இல்லாமல் நீங்கள் அந்தக் கதிரையில் இருந்திருக்க முடியாது. அந்த உரிமையில்தான் கணக்குக் கேட்கிறேன்.

நடந்த நல்லதை மறைக்க மாட்டேன். உங்கள் காலத்தில் ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் பயம் குறைந்தது, வாய் திறந்து பேச முடிந்தது. போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஊர் திரும்பினார்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்திருந்த காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டன. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் உங்கள் காலத்தில்தான் வந்தது. ஆனால் கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் தங்கள் சொந்தக் காணிக்காக படை முகாம் வாசலில் இரவு பகலாக இருக்க வேண்டி வந்ததே, அதுவும் உங்கள் காலம்தான்.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி. 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பெண்கள் இங்கே இருக்கிறார்கள். "விசாரித்துவிட்டு விடுவோம்" என்ற சொல்லை நம்பி ஒப்படைத்தவர்கள். 2017 பெப்ரவரியில் அவர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று மற்ற இடங்களிலும் அதேபோல் உட்கார்ந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 12 அன்று யாழ்ப்பாணத்தில் அவர்களின் பிரதிநிதிகளை நீங்களே நேரில் சந்தித்தீர்கள். சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடும்படி தேசிய பாதுகாப்புச் சபையில் பணிப்பதாகச் சொன்னீர்கள். நாட்டின் ஜனாதிபதியும் நீங்கள், பாதுகாப்பு அமைச்சரும் நீங்கள், முப்படைகளின் தளபதியும் நீங்கள். உங்களுக்கு மேலே உத்தரவு கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. அதனால்தான் அந்தச் சனம் நம்பியது. பட்டியல் வரவில்லை. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியும், அதற்கு ஆணையாளர்களை நியமிக்க 2018 ஆகிவிட்டது. இடையில் படத்தை மடியில் வைத்தபடி காத்திருந்த பெற்றோர் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சிறுமி. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஓர் அரசியல் கைதியின் மனைவி இறந்துபோனார். சில மணி நேர அனுமதியில் கொண்டுவரப்பட்ட தகப்பன் திரும்பும்போது, மகளும் அவர் பின்னாலேயே சிறைச்சாலை பஸ்ஸில் ஏறினாள். நாடே பார்த்த படம் அது. அந்தப் பிள்ளைகள் உங்களையும் வந்து சந்தித்துத் தகப்பனை விடச் சொல்லிக் கேட்டார்கள். 2019 நவம்பரில் நீங்கள் பதவியை விட்டு இறங்கிய அன்றும் அவர் சிறையில்தான் இருந்தார். ஆனால் அதே நவம்பரில், ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட ராயல் பார்க் வழக்கில் மரண தண்டனை பெற்றவருக்கு உங்கள் பொதுமன்னிப்பு கிடைத்தது. அது செல்லாது என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மன்னிக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருந்தது. அதை யாருக்குப் பயன்படுத்துவது என்று நீங்கள் தெரிந்தெடுத்தீர்கள். இதற்கு என் மனம் இன்றைக்கும் ஆறவில்லை.

தெற்கு மக்களிடமும் இதே கதைதான். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று அந்த முறைக்கு எதிராகப் போராடிய பௌத்த பிக்கு சோபித தேரரின் இறுதிச் சடங்கில் உறுதி சொன்ன நீங்கள், 2018 ஒக்டோபர் 26 அன்று யாரைத் தோற்கடிக்க நாங்கள் உங்களுக்கு வாக்களித்தோமோ அந்த மகிந்த ராஜபக்சவையே பிரதமராக்கினீர்கள். பாராளுமன்றத்தையும் கலைத்தீர்கள். ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகள் செத்தார்கள். முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் வந்திருந்த தாக்குதல் அது. கடமை தவறியதற்காகப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொல்லி 2023 ஜனவரியில் உங்களுக்கு உத்தரவானது.

சரி, அவற்றையெல்லாம் நீதிமன்றம் பார்த்துவிட்டது. பட்டியல் விடயத்தை எந்த நீதிமன்றமும் உங்களிடம் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன். 2017 ஜூனுக்குப் பிறகு பாதுகாப்புச் சபையில் அந்தப் பேச்சை எடுத்தீர்களா? எடுத்திருந்தால், யாரிடம் கேட்டீர்கள்? பட்டியல் இருக்கிறது என்றார்களா, இல்லை என்றார்களா, தர மாட்டோம் என்றார்களா? எடுக்கவே இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். இப்போது உங்களுக்குப் பதவியும் இல்லை, இழக்க வாக்கும் இல்லை. பதிலைச் சிங்களத்திலேயே எழுதி கந்தசுவாமி கோயிலடிக்கு அனுப்புங்கள். அம்மாக்களுக்கு வாசித்துச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு வாக்காளன்