செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது சங்கம் செய்த வேலைகளை இங்கே தருகிறேன். நிர்வாகசபை மாதம் ஒரு தடவை கூடியது. பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, முதியோர் மதிய உணவு எல்லாம் வழமைபோல நடந்தன. மண்டப வாடகை கூடியதைப் பற்றிப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார். இவற்றை இத்துடன் விடுகிறேன். ஏனென்றால் இந்த வருடம் நமது நேரத்தில் பெரும்பங்கு வேறொரு வேலைக்குப் போனது. நடக்க முடியாத, படி ஏற முடியாத நம் ஆட்களின் வீடுகளை மாற்றியமைக்க, இங்கே லண்டனில் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் பணம் கேட்டு அலைந்தோம்.

இது தொடங்கியது 2024 மே மாதத்தில். மதிய உணவுக்கு ஒரு கிழமையும் தவறாமல் வரும் ஐயா ஒருவர் கன நாளாக வரவில்லை என்று பார்க்கப் போனோம். சலரோகத்தால் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். லண்டனில் நம்மில் பலர் இருப்பதைப் போன்ற, பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய பழைய வீடு. குளியலறையும் டொய்லெட்டும் மேல்மாடியில். முன் அறையில் கட்டில், திரைச்சீலைக்குப் பின்னால் கொமோட் என்ற மலசலக் கதிரை. நாங்கள் உள்ளே வரும்போது அம்மா ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினார். "ஆஸ்பத்திரியால வந்த நாளிலயிருந்து குளிப்பு இல்லைத் தம்பி, துணியால துடைச்சு விடுறன்" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு மாதமாக அப்படி. அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

கேட்கலாம். டிசேபிள்ட் பசிலிட்டீஸ் கிராண்ட், சுருக்கமாக டி.எப்.ஜி., என்ற மானியம் 1996ஆம் ஆண்டின் வீடமைப்பு மானியச் சட்டத்தில் இருக்கிறது. தகுதி உள்ளவருக்குக் கவுன்சில் கொடுத்தே ஆகவேண்டும். மனமிருந்தால் கொடுக்கும் உதவி இல்லை இது. இங்கிலாந்தில் உச்ச வரம்பு 30,000 பவுண். அந்த வரம்பு 2008இல் வைத்தது, இன்றுவரை மாறவில்லை. கட்டட வேலைக்காரரின் கூலியும் சாமான் விலையும் அன்றைக்கு என்ன, இன்றைக்கு என்ன என்பது வீடு திருத்திய எல்லோருக்கும் தெரியும். 2024–25இல் இங்கிலாந்து முழுவதற்கும் இந்த மானியத்துக்கு அரசு 711 மில்லியன் பவுண் ஒதுக்கியது. ஆகவே பணம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அது நம் ஆட்களின் கதவு வரைக்கும் வந்து சேரும் பாதைதான் நீளம்.

அந்தப் பாதையில் முதல் ஆள் ஓ.டி. என்று நாம் சொல்லும் ஒக்குப்பேஷனல் தெரபிஸ்ட். அவர் வீட்டுக்கு வந்து பார்த்து, என்ன மாற்றம் தேவை என்று எழுதவேண்டும். ஐயாவின் வீட்டுக்கு ஓ.டி. வர செப்டம்பர் ஆகிவிட்டது. வந்த அன்று நடந்ததை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அம்மா வீட்டைக் கூட்டித் துடைத்து, கொமோட்டைப் பின்பக்கம் ஒளித்து வைத்து, தேத்தண்ணியும் வடையும் செய்து வைத்திருந்தார். ஐயா சேர்ட் போட்டு, பொய்க்காலைப் பூட்டிக்கொண்டு இருந்தார். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று ஓ.டி. கேட்க, "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று பதில். மொழிபெயர்த்தது 11 வயதுப் பேரன். மேல்மாடியைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டபோது, வந்த ஆளைத் தனியே விடுவது மரியாதை இல்லை என்று ஐயா கைபிடியைப் பிடித்து, மனைவியின் தோளில் சாய்ந்து, படி ஏறியே காட்டிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஓ.டி. கண்டதை எழுதினார்: ஒருவரின் உதவியுடன் படி ஏறுகிறார். குளியலறை மாற்றத் தேவை இல்லை என்று கடிதம் வந்தது.

இதில் அந்த ஓ.டி.யை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் காட்டியது எங்கள் நல்ல நாளை. பேரப்பிள்ளையின் வாயால் தாத்தா டொய்லெட் கதையைச் சொல்வாரா? அதனால் அப்புறம் ஒரு நடைமுறை வைத்தோம். ஓ.டி. வருவதற்கு முன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொல்கிறோம்: எத்தனை தடவை விழுந்தார், இரவில் யார் தூக்கினார்கள், எந்த நாளில் குளித்தார். ஓ.டி. வரும் அன்று வீட்டை ஒதுக்க வேண்டாம், கொமோட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்கிறோம். பிள்ளைகளுக்குப் பதிலாக நமது தொண்டர் ஒருவர் கூட இருப்பார். பெண்கள் வீட்டில் பெண் தொண்டர். ஐயாவின் வீட்டைத் திரும்பப் பார்க்கும்படி எழுதிக் கேட்டோம். டிசம்பரில் இன்னொரு ஓ.டி. வந்தார். அம்மா கொப்பியைப் பார்த்து வாசித்தார், நமது தொண்டர் மொழிபெயர்த்தார். படிக்கட்டில் ஆளை ஏற்றி இறக்கும் ஸ்டெயர்லிப்ட் நாற்காலியும், குளியல் தொட்டியை எடுத்துவிட்டுக் கால் தூக்கி வைக்கத் தேவையில்லாத தரைமட்ட ஷவரும் தேவை என்று அறிக்கை வந்தது.

இரண்டாவதாக நாம் படித்தது நாள் கணக்கு. முழுமையான விண்ணப்பம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆறு மாதம் விண்ணப்பம் கொடுத்த நாளில்தான் தொடங்கும். தொலைபேசியில் கேட்ட நாள், ஓ.டி.க்குக் காத்திருந்த நாள் எதுவும் கணக்கில் வராது. "படிவம் இப்போது தரமாட்டோம், வரிசையில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால், காத்திருந்த மாதமெல்லாம் கணக்கில் இல்லாமல் போகிறது. ஆகவே இப்போது நாங்கள் எழுதும் முதல் கடிதமே, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க விரும்புகிறோம், படிவத்தை அனுப்புங்கள் என்பதுதான். திகதி போட்டு, பிரதி எடுத்து, மின்னஞ்சலாகவும் அனுப்புகிறோம். படிவத்துடன் பொதுவாக இரண்டு கட்டட வேலைக்காரர்களின் மதிப்பீடும், வீட்டுக்காரர் அல்லது வாடகைக்காரர் என்ற சான்றும் கேட்பார்கள். ஐயாவின் விண்ணப்பத்தை ஜனவரியில் ஏற்றார்கள், ஏப்ரலில் அனுமதி வந்தது, வேலை இந்த மாதம்தான் முடிந்தது. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு கொடுக்கும் பென்ஷன் கிரெடிட் எடுப்பவர் என்பதால் அவர் ஒரு பென்னியும் கட்டவில்லை. முதல் நாள் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு ஐயா முக்கால் மணித்தியாலம் குளிச்சவர்" என்றார்.

வருமானம் பற்றி நம் ஆட்களிடம் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. "மகன் நல்ல வேலை, எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று ஐந்தாறு குடும்பங்கள் கேட்காமலேயே இருந்தன. மகனின் வீட்டில் தாய் தகப்பன் இருந்தால், வீட்டுக்காரர் என்ற முறையில் மகன் கையெழுத்துப் போடவேண்டி வரலாம். ஆனால் வருமானமும் சேமிப்பும் பார்ப்பது இயலாதவருடையதும் அவருடைய கணவன் அல்லது மனைவியுடையதும் மட்டுமே. 6,000 பவுண் வரையான சேமிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. இயலாதவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரின் வருமானத்தையே பார்ப்பதில்லை. இந்த விதி 2005இலிருந்து இருக்கிறது.

அப்படி இருந்தும் ஒரு தாய்க்கு, "இரண்டு பேரும் வேலை செய்கிறீர்கள், கிடைக்காது" என்று தொலைபேசியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் அதை நம்பி ஒரு வருடம் விட்டுவிட்டார். மகளுக்கு 9 வயது, மூளை முடக்குவாதம். அந்தப் பிள்ளையை ஒவ்வொரு இரவும் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார். பிள்ளை வளர்கிறது, தாயின் முதுகு போய்விட்டது. இப்போது விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் கீழ்மாடியில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட இரண்டு மதிப்பீடும் 30,000 பவுணை நன்றாகவே தாண்டிவிட்டன. வரம்புக்கு மேலும் கொடுக்கக் கவுன்சில்களுக்கு 2002ஆம் ஆண்டின் ஓர் ஆணைப்படி அதிகாரம் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுகிறது. மிச்சப் பணத்தை நாமே சேர்த்துக் கொடுப்போம் என்று நிர்வாகசபையில் சிலர் சொன்னார்கள். அவர்களின் நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் நான் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். நாம் உண்டியல் குலுக்கிக் கொடுத்தால், மேலதிகப் பணத்தைக் கேட்கும் கடிதத்துக்குப் பதிலே வராமல் போய்விடும். முதலில் எழுத்தில் மறுக்கட்டும். மறுத்தால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழி, அதிலும் சரிவராவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்பட்ஸ்மன். ஒம்பட்ஸ்மனிடம் போகக் காசு தேவையில்லை. இது இன்னும் முடியவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். 2009இல் வன்னியில் ஷெல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி ஒருவர். வீட்டுக்காரர் நம்மவர், கதவை அகட்டினால் வீடு விலைபோகாது என்று பயந்தார். பொருளாளரும் நானும் இரண்டு தடவை போய்க் கதைத்தோம். வாசலுக்குச் சரிவுப்பாதையும் முன்கதவை அகட்டுவதும் சரி என்று எழுதித் தந்தார், குளியலறைக்கு இன்னும் தரவில்லை. ஐந்து வருடம் அங்கே இருக்கும் எண்ணம் என்று வாடகைக்காரர் கையெழுத்துப் போடவேண்டும் என்றதும் தம்பி தயங்கினார், அவருடைய ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். கேட்பது எண்ணத்தை மட்டும்தான் என்று விளக்கினோம். குளியலறைக்காகத் திரும்பவும் போவோம்.

ஒரு குடும்பத்துக்கு நாம் பிந்திவிட்டோம், அதையும் இங்கே பதிய வேண்டும். கடன் அட்டையில் குளியலறையை மாற்றிவிட்டு, பிறகு நம்மிடம் வந்தார்கள். அனுமதிக்கு முன் தொடங்கிய வேலைக்கு மானியம் கிடைப்பதில்லை. அவர்கள் எங்கள் மதிய உணவுக்கு ஒவ்வொரு கிழமையும் வந்தவர்கள். நாங்கள் முன்பே சபையில் சொல்லியிருந்தால் அவர்கள் அந்தக் கடனில் விழுந்திருக்கமாட்டார்கள்.

சின்ன வேலைகளுக்கு இவ்வளவு அலையத் தேவையில்லை. கைபிடி, சிறு சரிவு போன்ற 1,000 பவுணுக்கு உட்பட்ட மாற்றங்களை, தேவை என்று மதிப்பிட்டால், கவுன்சில் இலவசமாகச் செய்து தரவேண்டும். சொந்தச் செலவில் சரிவுப்பாதை போடுபவர்கள், கதவு அகட்டுபவர்கள் வேலைக்காரரிடம் வாட் வரி விலக்குப் படிவத்தைக் கேளுங்கள். வீட்டுக்குள் சக்கர நாற்காலிக்கு இடம் தேவைப்படுபவர்கள், வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரியை அடுத்த குறைந்த வரிப்பிரிவின் அளவுக்குக் குறைக்கும்படியும் விண்ணப்பிக்கலாம்.

வரும் வருடத்துக்குக் கேட்பது: வீடுகளுக்குப் போக இன்னும் நாலு தொண்டர்கள் வேண்டும், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருந்தால் நல்லது. கடிதப் பிரதிகளை வைக்கப் பூட்டுள்ள ஓர் அலுமாரி வாங்க நிர்வாகசபை அனுமதிக்க வேண்டும். மாதத்தின் முதல் செவ்வாய் மதிய உணவுக்குப் பிறகு படிவம் நிரப்ப உதவுவோம். கடிதம் வந்தால் திறக்காமல் வைக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

மொழிபெயர்க்க வந்த தொண்டர்களுக்கும், தன் வீட்டுக் கணினியில் இரவிரவாகக் கடிதங்கள் அடித்துத் தந்த உபசெயலாளருக்கும் நன்றி. இந்த அறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்