ஒப்புக்குச் சப்பாணியா மற்ற பதினெட்டு அணிகளும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஸ்பானிய காற்பந்து லீக்கில் ஜெயிப்பது பார்சிலோனா, விட்டால் ரியால் மட்ரிட், மற்ற பதினெட்டு அணிகளும் ஒப்புக்குச் சப்பாணி, அதற்குப் போய் விளையாட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்குவது வீண், அந்த இடத்தில் இங்கிலிஷ் பிரிமியர் லீக் செய்தியை இன்னும் இரண்டு பத்தி போடலாம் என்பது அவர் கட்சி. கையில் இருந்த தே ஓ (பால் போடாத தேநீர்) ஆறிப்போகும்வரை அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் உள்ள உண்மையை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். 2004-05 தொடங்கி 2012-13 வரை ஒன்பது பருவங்கள், ஒன்பதிலும் பட்டம் இந்த இரண்டு அணிகளுக்குள்ளேயேதான் சுற்றியது. 2011-12இல் ரியால் 100 புள்ளி, பார்சிலோனா 91, மூன்றாவதாக வந்த வெலன்சியா 61. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் 30 புள்ளிப் பள்ளம். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் சலிப்புத்தான் வரும், எனக்கும் வந்தது. ஆனால் 2013-14 பருவத்தை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் சப்பாணி என்ற சொல் பேனாவிலிருந்து இறங்கியிருக்காது.

அந்தப் பருவம் தொடங்கும் முன் நடந்த கொடுக்கல் வாங்கலை நினைத்துப் பாருங்கள். ரியால் ஏறக்குறைய 10 கோடி யூரோ கொடுத்து கேரத் பேலை வாங்கியது. பார்சிலோனா நெய்மாரைக் கொண்டுவந்தது. அட்லெட்டிகோ மட்ரிட் என்ன செய்தது? கோல் அடித்துக்கொண்டிருந்த ஃபல்காவோவை மொனாக்கோவுக்கு விற்றுவிட்டு, பார்சிலோனாவுக்கு இனி வேண்டாம் என்றாகிவிட்ட டேவிட் வியாவைக் கிட்டத்தட்ட ஆடித் தள்ளுபடி விலைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அட்லெட்டிகோவுக்கு ஸ்பெயினில் இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு. ஒன்று மெத்தைக்காரர்கள், அவர்களுடைய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை பழைய காலத்து மெத்தை உறை மாதிரி இருக்கும் என்பதால். இன்னொன்று ராசிகெட்டவன் என்ற அர்த்தத்தில் சொல்வது. 1974 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் லூயிஸ் அரகோனெஸ் அடித்த கோலால் ஜெயித்துவிட்டோம் என்று இருந்தபோது, கடைசி நிமிடத்தில் பயர்ன் மியூனிக் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 4-0 என்று அடித்துத் துவைத்தது. அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். 1996இல் லீக் பட்டம் வென்ற அதே அணி 2000இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கி இரண்டு வருடம் அங்கே கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும்.

1996 அணியில் ஆடிய டியேகோ சிமியோனேதான் 2011 டிசம்பரில் பயிற்றுவிப்பாளராகத் திரும்பி வந்தார். பட்டம் ஜெயிப்பீர்களா என்று நிருபர்கள் எத்தனை தடவை கேட்டாலும் அவர் சொன்ன ஒரே பதில், ஆட்டம் ஆட்டமாகப் பார்க்கிறோம் என்பதுதான். எங்கள் அம்மாவிடம் மாதக் கடைசிச் செலவைப் பற்றிக் கேட்டால், "இன்னைக்கு உலை வச்சாச்சு, நாளைக்கதை நாளைக்குப் பார்ப்போம்" என்பார். எனக்கு சிமியோனே பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம்தான் வரும்.

அந்த 2013-14 பருவத்தில் அட்லெட்டிகோவுக்கு முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. செப்டம்பர் 28ஆம் தேதி ரியாலின் சொந்தத் திடலான பெர்னபேயு அரங்கிலேயே போய் டியேகோ கோஸ்டா அடித்த கோலில் ரியாலை 1-0 என்று சாய்த்தார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி அரகோனெஸ் இறந்துபோனார். அதே நாளில் பார்சிலோனா சொந்தத் திடலில் வெலன்சியாவிடம் 3-2 என்று தோற்றது. மறுநாள் அட்லெட்டிகோ ரியால் சோசியடாடை (இது வேறு ரியால்) 4-0 என்று வென்று பட்டியலில் மேலே ஏறியது. இதையெல்லாம் யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பும்படி எழுதப்பா என்று சொல்லியிருப்பேன்.

மே மாதம் வந்ததும் எல்லாருக்கும் கால் பின்னத் தொடங்கியது. அட்லெட்டிகோ லெவான்டேயிடம் 2-0 தோல்வி, அப்புறம் சொந்தத் திடலில் மலாகாவுடன் 1-1. அன்றைக்கு ஜெயித்திருந்தால் அங்கேயே பட்டம் கிடைத்திருக்கும், கடைசி நேரத்தில் அட்ரியான் அடித்த பந்தை மலாகா கோல்காப்பாளர் கபயேரோ பாய்ந்து தட்டிவிட்டார். அதே நாளில் பார்சிலோனா எல்ச்சேயுடன் கோல் இல்லாமல் சமநிலை, ரியால் செல்டாவிடம் தோல்வி. ஆக, எல்லாம் கடைசி நாளுக்குப் போனது. மே 17, பார்சிலோனாவின் திடலான கேம்ப் நோவில் பார்சிலோனாவும் அட்லெட்டிகோவும் நேருக்கு நேர். பார்சிலோனா ஜெயித்தால் இரண்டுக்கும் 89 புள்ளி. இங்கிலாந்து மாதிரி அங்கே முதலில் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, இரண்டு அணியும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். முதல் ஆட்டம் 0-0 என்பதால் பட்டம் பார்சிலோனாவுக்குப் போயிருக்கும். அட்லெட்டிகோவுக்குத் தோற்காமல் இருந்தால் போதும்.

சிங்கப்பூரில் நமக்கு அது சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி. நான் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கோப்பிக்கடையில் பார்த்தேன். மேல் மாடிக்காரர்கள் புகார் கொடுத்திருந்ததால் 11 மணிக்கு மேல் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கடைக்காரர் சுத்தமாகக் குறைத்துவிடுவார். படம் மட்டும்தான், மின்விசிறி கிறீச்சிடும் சத்தமும் புரோட்டாக் கல்லில் கரண்டி விழும் சத்தமும்தான் வர்ணனை. இருபது முப்பது பேர் இருந்தோம், பாதிக்கு மேல் பார்சா சட்டை. அட்லெட்டிகோ பக்கம் நானும், மேசை துடைக்கும் மலாய்ப் பெரியவரும் மட்டும். அவருக்கு அந்த அணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, சிவப்பும் வெள்ளையும் நம் கொடி நிறம் என்பதால் அந்தப் பக்கம்.

16ஆவது நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு டியேகோ கோஸ்டா வெளியே போனார். அடுத்த சில நிமிடங்களில் அர்டா துரானும் போனார். போகும்போது இரண்டு பேர் முகத்திலும் அழுகை. புரோட்டா போடும் தம்பி கல்லை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "அண்ணே, முடிஞ்சுது உங்க கதை" என்றான். 33ஆவது நிமிடத்தில் அலெக்ஸிஸ் சான்செஸ் ஓரத்திலிருந்து ஒரு அடி அடித்தார் பாருங்கள், அவ்வளவு குறுகலான இடத்திலிருந்து அப்படி அடிக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வரவில்லை. 1-0. கடையில் நாற்காலிகள் விழுந்தன. கடைக்காரர் ஓடிவந்து வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு நாலு நிமிடம்கூட ஆகவில்லை, கேப்டன் காபி ஒரு கார்னர் அடித்தார் (பெயரே காபி, கோப்பிக்கடையில் பார்க்கப் பொருத்தம்தான்). கூட்டத்துக்கு மேலே உருகுவேக்காரர் கோடின் எழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள். கடையில் ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் துணியை மேசையிலேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் நாற்பது நிமிடம் நான் உட்காரவில்லை. நடுவில் மெஸ்ஸி பந்தை வலைக்குள் தள்ளினார், பாதிக் கடை எழுந்து குதித்துவிட்டது. விசில் சத்தம் கேட்காததால் கொடி தூக்கியிருப்பதைப் பார்க்கவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆஃப்சைடு.

ஆட்டம் 1-1 என்று முடிந்தது. பட்டம் போய்விட்ட பார்சிலோனா ரசிகர்கள் எழுந்து நின்று எதிரணிக்குக் கை தட்டியதைத் திரையில் பார்த்தோம். சத்தம் இல்லாமல் அத்தனை ஆயிரம் கைகள் தட்டுவதைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. புரோட்டாத் தம்பியும் தட்டினான், மெதுவாக.

அட்லெட்டிகோ 90 புள்ளி, பார்சிலோனா 87, ரியால் 87. 18 வருடத்துக்குப் பிறகு பட்டம். இதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 2013 மே 17ஆம் தேதிதான், இதே அணி பெர்னபேயுவில் ரியாலைத் தோற்கடித்து அரசர் கிண்ணத்தை எடுத்திருந்தது. (அடுத்த வாரம் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. 93ஆவது நிமிடத்தில் ரியாலின் ராமோஸ் தலையால் முட்டியதை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், 1974 திரும்ப வந்தது.)

ஆனால் கடிதம் எழுதிய வாசகருக்கு நான் சொல்ல வந்தது அட்லெட்டிகோவைப் பற்றி மட்டும் இல்லை. அவர், 'சரி, பதினெட்டில் ஒன்று விதிவிலக்கு, மீதி பதினேழு?' என்று கேட்பார். அந்த மீதியைப் பற்றித்தான். அட்லெட்டிகோ அந்த லீக்கில் தோற்றது மொத்தம் நாலே ஆட்டம். பார்சிலோனாவிடமும் தோற்கவில்லை, ரியாலிடமும் தோற்கவில்லை. எஸ்பான்யோல், அல்மெரியா, ஒசாசூனா, லெவான்டே, இந்த நாலு அணிகளிடம்தான் தோற்றது. எல்லாமே அந்த வாசகரின் சப்பாணிப் பட்டியலில் இருப்பவை.

இதில் ஒசாசூனாவைப் பாருங்கள். காளைகளைத் தெருவில் ஓடவிடும் பம்ப்லோனா ஊரின் அணி. அட்லெட்டிகோவை 3-0 என்று அடித்தது. எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவந்த பார்சிலோனாவை 0-0 என்று நிறுத்தியது. ரியாலுடன் 2-2. முதல் மூன்று இடத்தில் வந்த மூன்று அணிகளிடமிருந்தும் புள்ளி பறித்த இந்த ஒசாசூனா, பருவ முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப் போனது! கூடவே இறங்கிய வயடோலிட் பார்சிலோனாவை 1-0 என்று வென்றது, ரியாலைக் கடைசிக் கட்டத்தில் 1-1 என்று பிடித்துவைத்தது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த பட்டம் இது. பார்சிலோனா வயடோலிட்டில் தோற்காமல் ஜெயித்திருந்தால் 90 புள்ளி, நேரடிக் கணக்கில் இரண்டு ஆட்டமும் சமநிலை என்பதால் கோல் வித்தியாசம் பார்க்க வேண்டியிருந்திருக்கும், அதில் பார்சிலோனாதான் முன்னால். இறங்கிப் போன அணிதான் பட்டம் யாருக்கு என்று முடிவு செய்தது. இது ஒப்புக்கு ஆடுவதா?

பிறகு ஏன் அந்த இருவர் மட்டுமே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், பெரிய காரணம் தொலைக்காட்சிப் பணம். இங்கிலாந்தில் லீக் மொத்தமாக விற்றுப் பங்கு பிரிப்பார்கள். ஸ்பெயினில் அப்போது ஒவ்வொரு அணியும் தன் ஆட்டத்தைத் தானே விற்றுக்கொண்டது. பார்சிலோனாவுக்கும் ரியாலுக்கும் ஆளுக்குக் கிட்டத்தட்ட 14 கோடி யூரோ, அட்லெட்டிகோவுக்கு அதில் பாதிகூட இல்லை, கடைசியில் இருக்கும் அணிகளுக்கு ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பந்தியில் இரண்டு பேருக்கு மட்டும் பிரியாணி, மற்றவர்களுக்குச் சால்னா. 2015 ஏப்ரலில் ஸ்பானிய அரசாங்கம் சட்டம் போட்டு மொத்தமாக விற்கச் சொன்னது, முதல் பிரிவுக்கு வரும் பணத்தில் பாதியை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றது. அப்படியும் பெரியவர்கள் பெரியவர்களாகத்தான் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2014க்குப் பிறகு இந்த இருவரையும் மீறிப் பட்டம் போனது 2020-21இல் மட்டும்தான், அதுவும் அட்லெட்டிகோவுக்கே, அதிலும் பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பிய சுவாரெஸ் கடைசி நாளில் அடித்த கோலில். ஆள் மாறினாலும் கதை மாறவில்லை. 2023-24இல் ஜிரோனா மூன்றாவதாக வந்ததையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நம் ஊருக்கும் அந்த லீக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அந்த வாசகர் எழுதியிருந்தார். நான் கோப்பிக்கடையில் நின்றுகொண்டே பார்த்த அதே மே 17ஆம் தேதியில்தான், வெலன்சியா அணியின் பெரும்பான்மைப் பங்கை சிங்கப்பூர்த் தொழிலதிபர் பீட்டர் லிம்முக்கு விற்க அதன் அறக்கட்டளை முடிவெடுத்தது. அங்குள்ள ரசிகர்கள் பல வருடமாக அவருக்கு எதிராகப் போராட்டம் நடத்துகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வெலன்சியா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறதே, அது நியாயமா?

அதனால் ஆசிரியரிடம் என் வேண்டுகோள். லா லீகா என்ற இந்த ஸ்பானிய லீக்கின் செய்தியைக் குறைக்காதீர்கள். முடிந்தால் புள்ளிப் பட்டியலை மேலே மூன்று அணியோடு வெட்டிவிடாமல் இருபதையும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும்போது நமக்குத் திங்கள் விடிந்துவிடும், பத்திரிகை அச்சாகி வீட்டு வாசலுக்கே வந்திருக்கும், அது புரிகிறது. செவ்வாய்க்கிழமை போட்டால்கூடப் போதும். எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகர்