உள்ளறைக்குப் போன டிவி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உள்ளறை டிவி வைஃபையோடு சரியாக இணைவதில்லை என்று நேற்று நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, டிவிக்குள் இருக்கும் வைஃபை போர்டு போய்விட்டது, மாற்றுவதைவிடப் புதிது வாங்குவது மேல் என்று சொன்னாராம். மாப்பிள்ளையும் தவணையில் எடுத்துவிடலாம் என்கிறாராம். ஒரு வாரம் பொறுங்கள். அந்த டிவி கெட்டுப்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனில் விளக்கினால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். எழுத்தில் இருந்தால் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு விஷயம்தான் இதில் முக்கியம். ஹாலில் இருந்தவரை டிவி நன்றாக ஓடியது. சம்பந்திக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதும் அதை அவர் படுத்திருக்கும் உள்ளறைக்கு மாற்றினீர்கள். அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை. எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும், அடுத்தது அன்றைக்கு என்ன மாறியது என்று. பிளஸ் டூ லேபில் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொன்னதும் இதைத்தான். மெக்கானிக் இந்த இரண்டையும் கேட்டிருந்தால் போர்டின் மேல் பழி போட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொன்னாய். வைஃபை பட்டியலைத் திறந்தால் மாடி வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் பெயரெல்லாம் வருகிறது, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் சில நேரம் வருகிறது, சில நேரம் காணவில்லை என்று. போர்டு செத்துப்போயிருந்தால் ஒரு பெயரும் வராதே! டிவிக்கு அலையைப் பிடிக்கத் தெரிகிறது. உங்கள் ரவுட்டரின் அலைதான் அங்கே போய்ச் சேரவில்லை.

உன் வீடு என் கண்முன் இருக்கிறது. வாசல் கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ரவுட்டர். அதன் முன்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள். அங்கிருந்து சம்பந்தியின் கட்டிலுக்கு நேராக ஒரு கோடு போட்டுப் பார். ஹால் சுவர், டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமின் இரண்டு சுவர்கள், கடைசியில் உங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ. இத்தனைக்கும் பின்னால் டிவி. வைஃபை அலைக்குத் தண்ணீர் ஆகாது, உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கும்.

உங்கள் ரவுட்டர் இரண்டு விதமான அலைகளை அனுப்புகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ், அது 6 செ.மீ.க்கும் குறைவு. பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் போட்டால் பாட்டின் வரிகள் வழியிலேயே தேய்ந்துபோய், தவில் அடி மட்டும் நம் வீட்டுக்குள் வந்து சேருமே, அதுபோலத்தான். அலைநீளம் அதிகமானது சுவரைத் தாண்டும், மூலை திரும்பி வளையும். விளிம்பு விளைவு என்று படித்தாயே, அதுதான் இது. 5 கிகாஹெர்ட்ஸ் ஹாலுக்குள் வேகமாக ஓடும், ஆனால் இரண்டு மூன்று சுவர் வந்தால் தளர்ந்துவிடும். இந்த அலைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜகதீச சந்திர போஸ் நினைவுக்கு வந்துவிடுகிறார். 1890-களிலேயே கல்கத்தாவில், கம்பியில்லாமல் அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்துக் காட்டிய மனிதர். அவர் பயன்படுத்தியவை மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்டவை. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். என் ஊகம் சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். செலவே இல்லை.

மாப்பிள்ளையின் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யச் சொல். போனை டிவிக்குப் பக்கத்தில் வை. டிவியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் என்று போய் அந்த ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து ஒரு கச்சேரியைப் பத்து நிமிடம் ஓடவிடு. நிற்காமல் ஓடினால் டிவியின் வைஃபை போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் யாரும் வாதாட வேண்டியதில்லை. பார்த்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள், வீடியோ டேட்டாவை வேகமாகத் தின்னும். அடுத்தது, உன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வைஃபையில் மட்டும் வைத்துக்கொண்டு, டிவி இருக்கும் இடத்திலேயே நின்று அதே கச்சேரியைப் போடு. பிறகு ஹாலுக்கு வந்து போடு. ஹாலில் ஓடி, உள்ளே திணறினால் விஷயம் முடிந்தது. தடங்கல் வழியில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் திணறினால் ரவுட்டரையோ வெளியிலிருந்து இணையம் கொண்டுவரும் ஃபைபர் வயரையோ பார்க்க வேண்டும். அந்த வயர் வந்து சேரும் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வீட்டுக்குள் எதையும் தொடாதே. ஒளி உள்ளே வந்து சேரவில்லை, கம்பெனிக்காரர்தான் வர வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் வேலை, ரவுட்டரைச் செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஆள் உயரத்தில், ஷோகேஸ் மேலே திறந்தவெளியாக வை. ஃபைபர் வயரை மட்டும் மடக்கிவிடாதே, உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வயர் எட்டவில்லை என்றால் கம்பெனிக்காரரையே நீட்டித் தரச் சொல். தண்ணீர் கேன்களுக்கு வேறு இடம் பார். பீரோவைக் கூப்பிட்ட குரலுக்கு நகர்த்த முடியாது என்று தெரியும். அதற்குப் பதில் டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்ற முடியுமா பார். அதுவும் முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே ஒரு கையகலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பார். நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், சில செ.மீ. தள்ளினால் ஒன்றுக்கொன்று சேர்ந்து பலம் கூடும். குறுக்கீட்டு விளைவு புத்தகத்தோடு நின்றுபோகிற சமாச்சாரம் இல்லை.

இரண்டாவது, பெயர். உங்கள் ரவுட்டரில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். டிவி ஒரு நேரம் இதைப் பிடிக்கிறது, ஒரு நேரம் அதைப் பிடிக்கிறது, நடுவில் தவிக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கச் சொல். டிவியில் பழைய பெயரை மறந்துவிடும்படி செய்துவிட்டு, 2.4-க்கு வைத்த பெயரை மட்டும் சேர். பெயர் பின்னால் 5ஜி என்று போட்டிருந்தால் அதற்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமில்லை, 5 கிகாஹெர்ட்ஸைத்தான் அப்படிச் சுருக்கிப் போடுகிறார்கள். பாஸ்வேர்டை ரிமோட்டில் நிதானமாக அடி. பூஜ்யமும் ஓ எழுத்தும் ஒன்றுபோலத் தெரிந்து பல பேரை அலைக்கழிக்கும்.

2.4-க்கு ஒரு குறையும் உண்டு. இந்தியாவில் 2005 முதல் இந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் யாரும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதனால் புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, உங்கள் அபார்ட்மென்ட்டின் எல்லா வீட்டு வைஃபையும் அங்கேதான். இந்த அலைவரிசையைச் சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதுதான் சேனல். ரவுட்டரில் சேனல் எண்ணைத் தானாகத் தேர்ந்தெடுப்பதில் விட்டிருந்தால் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றைக் கையால் வைக்கச் சொல். இவை மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. மாடி வீட்டுக்காரர் எதில் இருக்கிறார் என்று போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டால் தெரிந்துவிடும், அதைத் தவிர்த்துவிட்டு மற்றதில் ஒன்றை எடுங்கள்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. சம்பந்தி தன் பழைய கச்சேரிப் பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து டிவி பின்னால் செருகி வைத்திருப்பாரே, இப்போதும் அங்கேதான் இருக்கிறதா? அந்த மாதிரி டிஸ்க்கைச் செருகும் யுஎஸ்பி 3.0 வயர்களிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் போய்க் கலக்கிறது என்று இன்டெல் கம்பெனியே 2012-ல் ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறது. டிஸ்க்கை ஒரு நாள் கழற்றி வைத்துப் பார். வித்தியாசம் தெரிந்தால் நல்ல உறை போட்ட கொஞ்சம் நீள வயர் வாங்கி, டிஸ்க்கை டிவியிலிருந்து தள்ளி வை. அவருக்கு முதலில் சொல்லிவிட்டுக் கழற்று. அந்தப் பதிவுகள் அவருக்கு உயிர்.

வைஃபை நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆனால் யூடியூப் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. தேதியும் நேரமும் சரியா பார். ஒவ்வொரு இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது, அதற்குக் காலக்கெடு உண்டு. டிவியின் தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்கப் பழைய கருவிகள் பல இணையத்தோடு பேச முடியாமல் திண்டாடின. நெட்வொர்க் பக்கத்தில் டிவியின் ஐபி எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, ரவுட்டரை அணைத்துப் போடு. டிவியை அணைப்பது என்றால் ரிமோட்டில் இல்லை, சுவர் ஸ்விட்ச்சில் அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குகிறது, அவ்வளவுதான்.

கரண்ட் போய் வந்த பிறகு கவனி. டிவி சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தயாராக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் டிவி இணையம் இல்லை என்று அறிவித்துவிடும், படுத்திருப்பவர் பாவம், ரிமோட்டை வைத்துக்கொண்டு கஷ்டப்படுவார். ரவுட்டருக்கென்று 12 வோல்ட்டில் சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். ஒன்று வாங்கி வை.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே. ஒன்றை மாற்று, ஒரு பொழுது பார், அப்புறம் அடுத்தது. இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. டிவியை வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட் கடைசிக்கும் கடைசி. எல்லா ஆப்பிலும் மறுபடி நுழைய வேண்டியிருக்கும், அவர் பழகி வைத்திருக்கும் முகப்பும் மாறிப்போகும். இணைய பிளானைக் கூட்ட வேண்டாம். யூடியூப் சொல்லும் கணக்குப்படி 1080 தர வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும், 4கே-க்கே 20 தான். உங்களிடம் 100 இருக்கிறது. வாசலில் இருப்பது உள்ளறைக்குப் போகாததுதான் பிரச்சினை, வாசலில் இன்னும் கூட்டி என்ன பயன்?

இத்தனையும் எழுதினாலும், என் மனதில் இருப்பது வேறு. அந்த டிவி இனி நகரப் போவதில்லை. நகராத பொருளுக்கு வயர்தான் நல்லது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ரவுட்டரிலிருந்து உள்ளறை வரை இணையத்துக்கான கேட் 6 லேன் கேபிள் ஒன்றை, சுவரோரமாக பிவிசி கேசிங்குக்குள் இழுத்துவிடச் சொல். செப்பு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டில் அதில் கால்வாசிகூட வராது. டிவி பின்னால் லேன் ஓட்டை இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். பல டிவிகளில் அதன் வேகம் 100 எம்பிபிஎஸ்தான், அவருக்கு அது தாராளம். வைஃபை நீட்டிப்பான் ஒன்றை நடுவில் செருகிவிட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். விலை குறைந்தவை ஒரே அலையில் வாங்கி ஒரே அலையில் அனுப்புவதால் வேகம் பாதியாகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேபிள் போடும்போது அவர் வாக்கர் பிடித்து நடக்கும் வழியில் ஒரு வயரும் தரையில் கிடக்கக் கூடாது, கதவு நிலைக்கு மேலே ஏற்றிக் கொண்டுபோகச் சொல். இதை நீயே பக்கத்தில் நின்று பார்.

நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்குச் சங்கீதம் எவ்வளவு பெரிய துணை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவின் கடைசி மாதங்களில் நீயும் பார்த்தாய். அதனால் கேபிள் வரும்வரை ஒரு நாள்கூட அவரைச் சும்மா இருக்க விடாதே. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைப் போட இணையம் தேவையில்லை, அதைப் போட்டுக் கொடு. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வீட்டில் இருக்குமே, உன் பழைய போனோடு இணைத்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வை.

ஹாட்ஸ்பாட் சோதனையை ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது செய்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுது. ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால் சேனலை நானே பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் தவணைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அம்மா