பள்ளி வரிக்கு ஓட்டுக் கேட்கிறேன், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா கம்பில்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வாரமாகச் சனி, ஞாயிறு முழுக்க வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறேன். எனக்கில்லை, இங்கே கலிபோர்னியாவில் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு. அவற்றுக்கென்று நாங்கள் கட்டும் வரி அடுத்த ஜூனில் காலாவதியாகிறது. அதைப் புதுப்பிக்க நவம்பரில் ஓட்டெடுப்பு.

வரி போடுங்கள் என்று மக்களிடமே கேட்பார்களா என்பாய். வந்த புதிதில் எனக்கும் விளங்கவில்லை. 1978-ல் கலிபோர்னியா மக்கள் ‘புரொபொசிஷன் 13’ என்ற சட்டத்தை ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சொத்து வரி, வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பையும் வீடு கைமாறும் வரை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீட்டு விலை எகிறி, ஓய்வு பெற்றவர்கள் வரி கட்ட முடியாமல் தவித்த காலம் அது. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பள்ளிகள் நம்பியிருந்த பணம் சுருங்கிப்போனது. மாநிலம் கொடுப்பது போதாத ஊர்கள் பிடித்துக்கொண்ட வழிதான் ‘பார்சல் டாக்ஸ்’. பார்சல் என்றால் இங்கே மனை. எங்கள் ஊரில் மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பங்களாவுக்கும் சின்ன வீட்டுக்கும் அதே தொகை என்பது எனக்கு உறுத்தல்தான். வீட்டு மதிப்பை வைத்துப் போடச் சட்டம் இடம் கொடுக்காது.

பள்ளி வாரியம் கொண்டுவரும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நூற்றுக்கு 66 பேர் சரி என்றாலும் தோல்விதான். தோற்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அடுத்த வருடம் வேலை இல்லாமல் போகலாம் என்ற நோட்டீஸை மார்ச் 15-க்குள் ஆசிரியர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் இந்த ஓட்டம்.

“உன் மகள் வேலைக்கே போய்விட்டாள், உனக்கென்ன” என்று இங்கே சிலர் என்னைக் கேட்கிறார்கள். அவள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வாயே திறக்க மாட்டாள். மதியம் சாப்பிட்டதும் நூலகத்துக்குப் போய் மூலையில் உட்கார்ந்துகொள்வாள். நூலகர் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். திரும்பி வந்த புத்தகங்களைக் கையில் கொடுத்து, முதுகில் ஒட்டிய எண்ணைக் காட்டி, அலமாரியில் அடுக்கச் சொல்லியிருக்கிறார். எண் பார்த்து அடுக்கப் பேச்சு எதற்கு? இரண்டு மாதத்தில் மற்ற பிள்ளைகள் இவளிடம் வந்து அந்தப் புத்தகம் எங்கே, இந்தப் புத்தகம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் மாப்ளே, அவள் பேசத் தொடங்கினாள்.

அந்த அம்மாவின் சம்பளம் இந்த வரியில்தான் வந்தது என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நான் விசாவில் இருந்தவன், ஓட்டுரிமை கிடையாது. எனக்கு முகமே தெரியாதவர்கள் போட்ட ஓட்டு அது.

போன சனிக்கிழமை ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “என் பிள்ளைகள் படித்து முடித்து முப்பது வருஷம் ஆச்சு” என்றார். நான் நூலகக் கதையைச் சொன்னேன். குழாயை மூடிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். 1978-ல் அந்தச் சட்டத்துக்கு அவரும் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டாராம். அந்த வருடமே கோடை வகுப்புகள் நின்றுபோய், மூத்த மகன் கணக்கில் பின்தங்கியதை இன்னும் மறக்கவில்லை. “யோசிக்கிறேன்” என்றார். 65 வயதைத் தாண்டியவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் கொடுத்தேன். அவர் எந்தப் பக்கம் போடுவார் என்று எனக்குத் தெரியாது.

நம் ஆட்களிடம்தான் கூடுதல் வேலை. ஓட்டுச்சீட்டு தபாலில் வந்துவிடும். அதை விளம்பரத் தபாலோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நிரப்பினாலும் உறைமேல் கையெழுத்துப் போட மறந்துவிடுகிறார்கள்.

நீ வீட்டு வரி கட்டும்போது அதில் 10 சதவீதம் நூலக வரி சேர்ந்தே போகிறது. யாரும் உன் கதவைத் தட்டுவதில்லை. எது மேல் என்று யோசித்துப் பார்க்கிறேன். தட்டிக் கேட்பது களைப்புதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஐந்து நிமிடமாவது பேச்சு நடக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு அறையில் ஒரு மர அலமாரி இருந்ததே, நினைவிருக்கிறதா? காமராஜர் காலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து பள்ளிக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தபோது வந்தது என்று வாத்தியார் சொல்வார். கதவில் ‘உபயம்’ என்று எழுதி, கீழே ஒரு பெயர். நாம் நகத்தால் சுரண்டியே பாதி எழுத்தை அழித்துவிட்டோம். கதவைத் தட்டும்போதெல்லாம் அந்தப் பெயரை நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அந்தப் பக்கம் போனால் அலமாரி இருக்கிறதா என்று பார். மிச்ச எழுத்தைப் படிக்க முடிந்தால் எனக்கு எழுது.

இன்னும் ஆறு தெரு பாக்கி. கிளம்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே