மிராலோமா டிரைவ்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

1957 நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோ மிராலோமா டிரைவ்ல குடியிருந்த பெரியவங்களுக்கு,

வணக்கம்ங்க. உங்கள்ல முக்கால்வாசி பேர் இப்ப உயிரோட இருக்க மாட்டீங்க, அது தெரிஞ்சேதான் எழுதுறேன்.

அந்த 175ஆம் நம்பர் வீடு ஞாபகம் இருக்கா? 37,500 டாலர், பேரம்கூட பேசாம சொன்ன விலைய முழு கேஷா தர்றேன்னு 26 வயசு ஆளு ஒருத்தர் பொண்டாட்டியோட வந்து நின்னாரே. வில்லி மேஸ். பேஸ்பால் ஆட்டக்காரர், 1954ல லீக்லயே பெஸ்ட் பிளேயர்னு விருது வாங்கினவர், நியூயார்க்க விட்டு உங்க ஊருக்கு வரப்போற ஜயன்ட்ஸ் பேஸ்பால் டீமுக்கு உசுரே அவர்தான். ஆனா கறுப்பர். அது போதுமே, வீட்டு விலை விழுந்துடும்னு நீங்க அந்த வீட்ட கட்டி விக்கிற பில்டருக்கு போன் மேல போன் போட்டதுல அந்த ஆளு வெலவெலத்துப் போய், இவருக்கு வித்தா எனக்கு அப்புறம் வேலையே கிடைக்காதுன்னு பேப்பர்காரங்ககிட்டயே சொல்லிட்டாரு.

மேஸோட மனைவி அப்ப சொன்னது நல்லா உறைக்கும்: அலபாமாலயாவது எங்க இடம் எதுன்னு தெரியும், இங்க எல்லாம் வேஷம், மூஞ்சிக்கு நேரா சிரிச்சுக்கிட்டே ஏமாத்துறாங்கன்னு.

சரி, விலை விழும்னு கணக்கு போட்டீங்க, உங்க வீட்டு பசங்களுக்கு என்ன நஷ்டம்னு யாராவது கணக்கு பார்த்தீங்களா?

அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1951ல, 20 வயசுல டீமுக்கு வந்தப்போ இதே மனுஷன் நியூயார்க் ஹார்லெம்ல, டீமோட போலோ கிரவுண்ட்ஸ் ஸ்டேடியம் பக்கத்துல ஒரு வீட்ல தங்கியிருந்தாரு. காலைல தெருப் பசங்க வந்து அவரோட ஜன்னல தட்டுவாங்க, இவரும் எந்திரிச்சு போயிடுவாரு. ஸ்டிக்பால்னு தெருவுல ஆடற ஒரு பேஸ்பால், விளக்கமாத்துக் கட்டைதான் பேட்டு, ஒரு ரப்பர் பந்து, நடுரோட்ல இருக்கற சாக்கடை மூடிதான் ஓடிப் போய் தொடற பேஸ், காரு வந்தா ஆட்டத்த நிறுத்திட்டு ஒதுங்கி நின்னு, போனதும் திரும்ப ஆரம்பிக்கணும். அடிச்சது எவ்ளோ தூரம்னு மீட்டர்ல எல்லாம் அளக்கறதில்ல, எத்தனை மூடி தாண்டுச்சுன்னுதான் பேச்சு. மேஸ் அஞ்சாறு மூடி தாண்டி அடிப்பாராம். (நம்மூர்ல மாடில விழுந்தா அவுட்டு, இவரெல்லாம் முதல் பால்லயே பெவிலியன்தான்.) ஆட்டம் முடிஞ்சதும் பசங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு, அப்படியே ஸ்டேடியத்துக்கு போய் ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி ஆடுவாரு. அந்த பசங்களுக்கு அவர் பேப்பர்ல போட்டோ வர்ற ஆளு இல்ல, நம்ம தெரு வில்லி.

அப்பேர்ப்பட்ட ஆளு பக்கத்து வீட்டுக்கு வர்றேன்னு தானா வந்து நின்னதுக்குத்தான் நீங்க போன எடுத்தீங்க.

அப்புறம் விஷயம் பேப்பர்ல வந்து ஊரே நாறி, மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபரே எங்க வீட்ல வந்து தங்குங்கன்னு கூப்பிட வேண்டியதாப் போச்சு. பில்டர் மனசு மாறி வீட்ட வித்துட்டாரு. ஆனா குடிவந்த பிறகு யாரோ அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடிய எறிஞ்சு உடைச்சாங்க. உங்கள்ல ஒருத்தர்தான்னு நான் சொல்ல வரல, அது யார் வேலையா வேணா இருக்கட்டும்.

இன்னைக்கு உங்க ஊர் ஸ்டேடியத்தோட அட்ரஸே 24, வில்லி மேஸ் பிளாசா. வாசல்ல அவருக்கு 9 அடில சிலை, அவர் ஜெர்சி நம்பருக்காக சுத்தி பனை வகை மரம் 24. 2024 ஜூன்ல 93 வயசுல அவர் போனப்போ ஊரே அழுதுச்சு. எல்லாம் சரிதான்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுக்கணும். உங்க வீட்டு பையன் எவனாவது, ஒரு நாளாவது, கைல பந்த வெச்சுக்கிட்டு போய் அந்த ஜன்னல தட்டினானா? தட்ட விட்டீங்களா?

இப்படிக்கு,
தெருவுல பந்து பொறுக்கி வளர்ந்த ஒருத்தன்