ஞாயிறு கூட்டத்துக்குப் படிக்க வேண்டியது: 27-ஆவது திருத்தம்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அரசியலமைப்பு வாசிப்பில் இந்த வாரம் 27-ஆவது திருத்தம். ஒரே வாக்கியம்தான், தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால், அதன் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பது சாரம்.

ஜேம்ஸ் மாடிசன் 1789-இல் முன்வைத்தது இது. போதிய மாநிலங்கள் ஒப்புதல் தராததால் கிடப்பில் போனது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் இதைக் கவனித்தார். காலக்கெடு விதிக்கப்படாததால் மாநிலங்கள் இப்போதும் ஏற்கலாம் என்று வகுப்புக் கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' மதிப்பெண். மனிதர் விடவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம். 1983-இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது, 1984-இல் கொலராடோ, அப்புறம் வரிசையாக மற்றவை. 1992-இல் தேவையான நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, திருத்தம் நிறைவேறியது. 2017-இல்தான் அந்த 'சி'யை 'ஏ' ஆக்கினார்கள்!

திருத்தம் செய்யும் முறையைச் சொல்லும் அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவில் தனிக் குடிமகனுக்கு இடமே இல்லை. முதல் திருத்தம் தரும், அரசிடம் முறையிடும் உரிமைதான் வாட்சனுக்குக் கைகொடுத்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் அவசியம் பேசுங்கள்.

ஒரு வேண்டுகோள்: அதிபர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் யார்? பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம் ஆளுக்கொரு கடிதம் எழுதப் போகிறோம். கிழக்கு நேரம் மாலை 7 மணி, வழக்கமான இணைப்புதான்.